மேஸ்திரிக்குத் தரவேண்டியது

அரபு மொழியில் மோட்டார் காருக்கு இன்று வழங்கும் பெயர் ‘சய்யாரா’. பழைய அகராதிகளைப் புரட்டினால் இச்சொல்லுக்குப் பயணக்கூட்டம், வணிகச் சாத்து என்ற பொருளே கிடைக்கும். யூசுஃப் நபியவர்களின் வரலாற்றை விரித்துரைக்கும் அத்தியாயத்தில், கிணற்றின் இருளில் கிடந்த அச்சிறுவரை மேலே தூக்கியெடுத்த பயணக்கூட்டத்தைத் திருக்குர்ஆன் இச்சொல்லால்தான் குறிக்கின்றது. தூக்கியெடுத்த அதே வரலாற்றில், அவர் சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்ட செய்தியும் அடுத்தே வருகின்றது. கையில் கிடைத்த பொருளின் மதிப்பை அறியாதார் செயல் அது. ஆண்டுதோறும் மாணவர்க்கு இப்பகுதியை ஓதிக் கொடுத்துவரும் நான், அதே பிழையைச் செய்ய ஒரு நாள் மட்டுமே மீதமிருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. 1969 ஆம் ஆண்டில் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இக்காலத்து இளைஞர் பலருக்கு இப்பெயரே புதிதாக இருக்கும். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவில் பியட்டும் உருவான அந்நாளில், நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் உருவான கார் இது. 1948 இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் வேன்கார்டு, பென்னன்ட் ஆகிய வண்டிகளுக்குப்பின் 1961 முதல் ஹெரால்டை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1959 இல் வந்த டிரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். அதன் உருவை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி எனும் இத்தாலியர். ‘ஹெரால்டு’ என்றால் கட்டியங்காரன். அரசன் வரவை முன்சென்று அறிவிப்பவன். அந்தப் பெயருக்கு ஏற்ப எங்கள் தெருவில் அது நுழையும்போதே அத்தா வருவதை வீட்டார் அனைவரும் அறிந்துவிடுவோம்.

அத்தா அரிசி மண்டி வைத்திருந்தார். 1975 இல் இரண்டாம் கையாக அதை வாங்கினார். நான்கு கதவுகள் கொண்ட வண்டி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு என்றும் இரண்டு கதவுகளே இருந்தன. பின்னால் அமரும் பெண்டிரும் முதியோரும் முன்னிருக்கையை மடக்கி நுழைய நேரும் இடர்ப்பாட்டைக் கண்டு, நான்கு கதவு வைத்தவர்கள் நம் நாட்டார்தாம். எங்கள் பாட்டியார் பர்தாவை ஒதுக்கிக்கொண்டு இயல்பாக ஏறி அமர்வதைக் காணும்போதெல்லாம், அந்த இரண்டு கதவுகளுக்காக முகமறியா ஆலைத் தொழிலாளர்க்கு அத்தா துஆச் செய்வார்.

1986 ஆம் ஆண்டு. எனக்கு வயது 15. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் என்னைச் சேர்ப்பதென முடிவாயிற்று. திருச்சி வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். புறப்படுவதற்கு முந்திய மாலை, பாலக்கரையில் ஒரு மேஸ்திரியின் பட்டறையில் வண்டியைக் காட்டினார் அத்தா. அவர் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை இரு கைகளாலும் அசைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, “பாய், இந்த வண்டி இன்னைக்கு என் பட்டறையை விட்டு வெளியே போகாது” என்றார்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, அடியில் பித்தளை போன்ற மஞ்சள் உலோகத்தாலான ஒரு மரையுறுப்பில் திருகி நிற்கும். ‘ட்ரன்னியன்’ என்பது அதன் பெயர். சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். அதற்கு எண்ணெய் விட வேண்டும், கிரீஸ் அடித்தலாகாது. கிரீஸ் நாளடைவில் இறுகி உள்வழியை அடைத்துவிடும். பிறகு நீர் இறங்கித் தண்டு துருவேறித் தேயும். தேய்ந்த தண்டு ஓடும் வேகத்தில் முறிந்தால் சக்கரம் மடிந்து வீழும். யாரோ விவரமறியாதவர் எங்கள் வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கின்றார். மேஸ்திரி பட்டறையின் பின்புறம் கிடந்த வேறொரு பழைய ஹெரால்டிலிருந்து தண்டையும் மரையையும் கழற்றி, சுத்தம் செய்து, இரவெல்லாம் அமர்ந்து எங்கள் வண்டிக்குப் பொருத்தினார். அத்தா தேநீர் வாங்கி வந்து கொடுத்தவண்ணம் இருந்தார். நான் ஒரு டயரின்மீது அமர்ந்தபடியே உறங்கிப்போனேன். பஜ்ருத் தொழுகைக்குப்பின் புறப்பட்டோம். கையிலிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியை ஊர் திரும்பியதும் தருவதாக அத்தா சொன்னது என் செவியில் அரைகுறையாக விழுந்தது.

என்னைச் சேர்த்துவிட்டு அத்தா ஊர் திரும்பினார். சில வாரங்களுக்குள் பக்கவாதம் தாக்கிற்று. அதன்பின் அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தினோம். 1994 இல் அத்தா இறையடி சேர்ந்தார்.

இங்குதான் என் வெட்கம் தொடங்குகின்றது. அப்போது நான் ஆலிம் பட்டம் பெற்று வந்த புதிது. பாகப்பிரிவினைக் கல்வியாகிய ஃபராயிளில் தேர்ந்தவன் என்ற பெருமிதம் உள்ளுக்குள் உண்டு. அம்மாவுக்கு எட்டில் ஒன்று, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என என் கையாலேயே கணக்கிட்டுப் பிரித்தேன். சொத்தைப் பிரிக்குமுன் இறந்தவரின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அக்கல்வியின் முதற்பாடம். தெரிந்த கடன்களை எல்லாம் தீர்த்தோம். மண்டிக் கணக்கேடுகளைத் தேடினேன், காரைத் தேடவில்லை. ஓடாத கார் எவர் பங்கிலும் சேராமல், யாரும் கேளாமல், கொட்டகையிலேயே கிடந்தது.

2021 இல் வீட்டைப் பழுதுபார்க்க இடம் தேவைப்பட்டது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து 14,000 ரூபாய் விலை சொன்னார். பழைய இரும்பு வாணிகத்தைத் தொடங்கிய காயல்பட்டினத்தாரால் இப்பெயர் வந்ததெனக் கூறுவர். நம்மவர் பெயரால் வழங்கும் கடைக்கே நம் வீட்டுப் பொருள் போகட்டும் என்று நான் நகைச்சுவையாகச் சொன்னதும் நினைவிருக்கின்றது. மறுநாள் காலையில் எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. அன்று மாலை, உள்ளே ஏதேனும் காகிதம் கிடக்கின்றதா எனப் பார்க்க முன்பெட்டியைத் திறந்தேன். செல்லரித்த ஒரு சிறு கையேடு. கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தில் அத்தாவின் கையெழுத்து:

‘மேஸ்திரிக்குத் தரவேண்டியது ரூ. 185. ஊர் திரும்பியதும்.’

அன்றிரவு நான் உறங்கவில்லை. 27 ஆண்டுகள் என் அத்தா கடனாளியாகக் கபுருக்குள் கிடக்க, நான் மாணவர்க்குக் கடனின் கடுமையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கின்றேன். காலையில் கடைக்காரரைக் கைகூப்பித் திருப்பி அனுப்பினேன்.

கடன் தெரிந்துவிட்டது, எவ்வளவு தருவது? 1986 இன் 185 ரூபாய் இன்று ஒரு பொழுது கடையில் சாப்பிடவும் சரியாகிவிடும். நாணயத்தின் மதிப்பு மாறும்போது கடனை எண்ணிக்கையால் தீர்ப்பதா, மதிப்பால் தீர்ப்பதா என்பது ஃபிக்ஹு நூல்களில் பழைய வினா. செப்புக் காசுகளின் விலை ஏறி இறங்கினால் மதிப்பைக் கணிக்கலாம் என்பது இமாம் அபூயூசுஃபின் கருத்து. எண்ணிக்கையே கணக்கு என்பது மற்றவர் பலரின் கருத்து. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றமும், விலைவாசியோடு கடனைப் பிணைக்கலாகாது, எடுத்த அளவே திருப்பித் தரவேண்டும் என்றே முடிவு செய்தது. ஆகவே, கடன் 185 தான். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இளம் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்று, அதனினும் மேலான வளர்ந்த ஒட்டகத்தைத் திருப்பியளித்த வரலாறும் நம் முன் இருக்கின்றது. நிபந்தனையின்றி, மனமுவந்து கூட்டித் தருவது வட்டியன்று, அழகிய முறை. 185 கடனாகவும், அதற்கு மேல் ஒரு தொகை அன்பளிப்பாகவும் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குச் சென்றேன்.

பட்டறை இருந்த இடத்தில் நீர் அடித்துக் கார் கழுவும் நிலையம் இருந்தது. நடத்துபவர் மேஸ்திரியின் மகன். “அப்பா வீட்டில் இருக்காங்க. கண்ணு சரியாத் தெரியல” என்று அழைத்துச் சென்றார். 80 வயதை ஒட்டிய முதியவர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். 1983 இன் இறுதியில் மாருதி வந்தபோது முதல் தேய்வும், கார்புரேட்டர் போய்க் கணிப்பொறி வந்தபோது முழு ஓய்வும் தமக்கு வந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்பானர்களை எண்ணெய்த்துணியில் சுற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு 15 ஆண்டுகள் ஆயிற்றாம்.

நான் செய்தியைச் சொன்னேன். பணத்தை அவர் கையில் வைத்தேன். அவர் அதை எண்ணவில்லை.

“ஹெரால்டா? அது இன்னும் இருக்கா?”

“இருக்கிறது, அண்ணே.”

“நீங்கதானே டயர் மேலே தூங்கின தம்பி?”

எனக்குப் பேச்சு எழவில்லை. தலையசைத்தேன். அவருக்குப் பார்வை தெரியாதென்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் பணத்தை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“அஜரத்து, தப்பா நினைக்காதீங்க. வண்டி ஓடட்டும். அன்னைக்கு வாங்கிக்கிறேன்.”

“மன்னித்துவிட்டேன்” என்று சொல்லியிருந்தால் கடன் அப்போதே தீர்ந்திருக்கும். அவர் மன்னிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. கடனைத் தவணையில் நிறுத்திவிட்டார். இனி அந்த வண்டியை ஓடவைக்காமல் என் அத்தாவின் கணக்கு முடியாது.

பரணிலிருந்து சாக்கு இறங்கிற்று. லாரியில் ஏற்றிய ஹெரால்டு, கார் கழுவும் நிலையத்தின் மூலைக்கு வந்து சேர்ந்தது. மேஸ்திரி நாற்காலி போட்டு அமர்ந்து கைகளால் தடவியே பார்த்தார். இவ்வண்டியின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுமையாக முன்னோக்கிச் சாயும். டயர்மீது அமர்ந்தபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். உடல் தனி, சேஸிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுக்கலாம். “பழுதுபார்க்கிறவனை நினைச்சுச் செஞ்ச வண்டி” என்பது மேஸ்திரியின் வாக்கு. மகன் கழற்றினார், தந்தை சொல்லிக் கொடுத்தார். எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிய வேண்டும் என அவர் மகனுக்கு ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டபோது, அது எங்கள் மதரஸாவில் பாடம் கேட்பது போலவே இருந்தது.

காலம் மாறியதற்கு ஏற்ற வேலைகளும் இருந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டில் ஒழிந்தது. அந்த ஈயத்தின் மேற்பூச்சை நம்பி வார்க்கப்பட்ட வால்வு இருக்கைகள் இனித் தேய்ந்துவிடும் என்பதால், சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துக் கடின உலோக வளையங்களைப் பதித்தோம். 2023 முதல் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். எனவே குழாய்களையும், பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் அதைத் தாங்கும் பொருளில் மாற்றினோம். ட்ரன்னியன், பிரேக் சிலிண்டர் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன, வரவழைத்தோம். ஆனால் பின்கதவு இரண்டுக்கும் உலகில் எங்கும் மாற்றுத் தகடு இல்லை. அவை இந்நாட்டில் மட்டும் பிறந்தவை. பெற்ற ஆலையோ 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. டிங்கர் வேலை செய்யும் ஒருவர் துருத்தின்ற கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே வளைவுக்குக் கொண்டுவந்தார். பாட்டியார் ஏறி இறங்கிய கதவுகள் அவ்வாறு மீண்டன.

இதற்கிடையில் ஊரார் பேசாமல் இல்லை. “அஜரத்துக்குக் காரோட்ட ஆசை வந்துவிட்டது” என்றனர் சிலர். என் மனமே என்னைக் கேட்டது: கடனுக்காகத் தொடங்கியது பகட்டுக்காக ஆகிவிட்டதா? பொய் சொல்வானேன், பெயிண்ட் அடித்து வந்த நாளில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் இதில் கரைவதும் உறுத்திற்று. அந்நஹ்ல் அத்தியாயத்தை எடுத்து ஓதிப் பார்த்தேன். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவை ஏறிச் செல்வதற்கும், அழகுக்கும் படைக்கப்பட்டன என அங்கே இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அழகு குற்றமன்று, அழகு யாருடையதென மறப்பதே குற்றம். அதனால்தான் வாகனத்தில் அமர்ந்ததும் இறையருளை நினைக்குமாறு அஸ்ஸுக்ருஃப் அத்தியாயம் பணிக்கின்றது. என் அளவுக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொண்டேன்: மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டிக்குச் செலவழிப்பதில்லை, கடன் வாங்கிச் செலவழிப்பதே இல்லை. வேலை முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தத் தாமதம் எனக்கு அச்சத்தையும் தந்தது. 2022 இல் மேஸ்திரி நோயுற்று மருத்துவமனையில் சில வாரங்கள் கிடந்தார். கடன்காரனாகவே அவரை இழந்துவிடுவேனோ எனத் தவித்தேன். தொழுகை தோறும் அவர் உடல்நலனுக்காகக் கையேந்தினேன். அல்லாஹ்வின் கிருபையால் எழுந்து வந்தார். கண்புரை அறுவையும் நடந்து ஒரு கண்ணுக்குப் பார்வை ஓரளவு திரும்பிற்று.

பதிவு விஷயத்திலும் ஒரு தெரிவு இருந்தது. 2021 ஜூலையில் மைய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகள் கடந்த மூல வடிவ வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது. காட்சிக்கும் அணிவகுப்புக்குமே எடுக்கலாம். நான் அதை விரும்பவில்லை. பழைய வரிகளைக் கட்டி, தகுதிச் சான்றுக்கு அலைந்து, சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். என் அம்மாவை ஜும்மா நாளில் தங்கையின் வீட்டுக்கு அழைத்துப்போக உதவாத வண்டி எனக்கெதற்கு?

2024 சனவரியில் ஒரு காலை. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார் மகன். இரண்டு முறை இருமிற்று. மூன்றாம் முறை 948 சி.சி. எஞ்சின் எழுந்து நின்றது. மேஸ்திரி கண்ணை மூடிச் செவி கொடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பச் சொன்னார். ஓசை சீராயிற்று. அவரைப் பக்கத்தில் அமர்த்தி, காவிரிப்பாலம் வரை நானே ஓட்டிச் சென்று திரும்பினேன்.

இறங்கியதும் பணத்தை நீட்டினேன். கையேட்டையும் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தாவின் எழுத்தை நெடுநேரம் பார்த்தார். 185 ஐ மட்டும் எண்ணி எடுத்தார். மேலதிகத் தொகையைத் தொடவில்லை.

“பணம் வராததுல எனக்கு வருத்தமில்லை, அஜரத்து. பாய் வந்து ஒரு வார்த்தை சொல்லாததுதான் வருத்தம். ராத்திரி முழுக்கப் போட்ட மரை, வேலூர் வரைக்கும் தாங்குச்சா இல்லையான்னு எனக்குத் தெரியவே இல்லை. சின்னப் பையனை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரேன்னு பல நாள் யோசிச்சிருக்கேன்.”

நன்றி என்னும் பொருள்படும் ‘ஷுக்ர்’ எனும் சொல்லுக்கு, பெற்ற அருளை நினைந்து வெளிப்படுத்துதல் என மொழியறிஞர் பொருள் கூறுவர். அதற்கு எதிர்ச்சொல்லான ‘குஃப்ர்’, மூடி மறைத்தல். தின்ற தீனியைத் தன் உடற்செழிப்பால் வெளிக்காட்டும் கால்நடையையும் அரபியர் ‘ஷகூர்’ என்றே அழைத்தனர். இவற்றையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். ஆயினும் ஒரு மனிதர் எங்களுக்குச் செய்த நன்மையை ஏறத்தாழ 35 ஆண்டுகள் தார்ப்பாய் போர்த்தி மூடிவைத்திருந்தேன். அவர் பணத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு செய்திக்குக் காத்திருந்தார்.

“தாங்கிற்று, அண்ணே. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம். நான் ஓதினேன். ஓதிக் கொடுத்துக்கொண்டும் இருக்கின்றேன்” என்றேன்.

அவர் பேனா கேட்டு வாங்கினார். அத்தாவின் வரிக்குக் கீழே, நடுங்கும் கையால், ‘வரவு ரூ. 185’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மேலதிகத் தொகை அந்தப் பட்டறைக்கே ஒரு ஜாக்கியாகவும் சில கருவிகளாகவும் போய்ச் சேர்ந்தது. மகன் கார் கழுவும் தொழிலோடு பழைய வண்டி வேலையையும் மீண்டும் தொடங்கிவிட்டார். ஹெரால்டைச் சாலையில் கண்டு விசாரித்த இருவர் தத்தம் வீட்டு அம்பாசடரையும் பியட்டையும் கொண்டுவந்து விட்டிருக்கின்றனர். மேஸ்திரி நாள்தோறும் காலையில் நாற்காலி போட்டு அமர்கின்றார். முன்சக்கரத்துக்கு யாரேனும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்தால் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும்.

அந்தக் கையேடு இப்போது என் ஃபராயிள் நூலுக்குள் இருக்கின்றது. கடன் பற்றிய பாடம் வரும் நாளில் மாணவர்க்கு அதைக் காட்டுகின்றேன். என் அத்தாவின் கபுரை இறைவன் விசாலமாக்குவானாக. அன்றிரவு உறங்காத அந்தக் கைகளுக்கு இம்மையிலும் நற்கூலி அருள்வானாக. ஆமீன்.